தறியை எங்கே போடுவது? ஸ்டோர், லயம், மண்டபம், மடுவம்

பாவு (நெடுக்கில் ஓடும் இழைகள்) ஏற்றிய தறியை நகர்த்தக் கூடாது. நகர்த்தினால் ஒரு பக்கம் இழை தளரும், மறுபக்கம் அறும். இரண்டு நாள் குனிந்திருந்து பிணைத்த வேலை அதோடு போகும். எங்கள் தோட்டத்து நெசவுக்காரப் பெண்கள் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது கோயில் மண்டபத்தில். திருவிழாவுக்கு இடம் வேண்டும் என்று மூன்று தறிகளையும் ஒரே மாலையில் தூக்கிச் சுவரோரம் சாத்திவிட்டார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. அது கோயிலுக்குக் கட்டிய மண்டபம், தறிக்கு அல்ல. ஆனால் அந்த மாதம் இறங்கிய துணியெல்லாம் கோணலாகவே இறங்கியது.

அதற்குப் பிறகுதான் தங்களுக்கென்று ஒரு நெசவு நிலையம் வேண்டும் என்ற பேச்சு உறுதியானது. இலங்கை மலைநாட்டில் பண்டாரவளைக்கும் ஹப்புத்தளைக்கும் இடையில் இருக்கிற தேயிலைத் தோட்டம் எங்களுடையது. நான் கட்டட வரைபடம் போடுகிறவன், இதே தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவன். அதனால் கணக்குப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்: மூடிக் கிடக்கும் பழைய ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை), குடும்பங்கள் காலி செய்துவிட்டுப் போன லயம், மைதானத்துப் பக்கம் புதிதாக ஒரு சனசமூக நிலையம், டவுனில் வாடகைக்கு அறை, வீட்டுக்கொரு தறி, கடைசியாக ரோட்டோரத்துக் கொழுந்து மடுவம் (பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகை). இரண்டு மாதம் ஒவ்வொன்றையும் நடந்து பார்த்து, அளந்து, சண்டையும் போட்ட பிறகு எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கிற வேறு தோட்டத்தாருக்கும் உதவலாம்.

யாருக்காகக் கட்டுகிறோம்?

பதினான்கு பேர். ஐந்து பேர் பென்ஷன் வாங்கிய வயதானவர்கள். அவர்களில் ஒருவர், நாங்கள் பெரியம்மா என்று கூப்பிடுபவர், 1970களின் தொடக்கத்தில் அரசு நெசவு நிலையம் ஒன்றில் பழகியவர். வெளிநாட்டுத் துணி வராத காலம் அது, கைத்தறிக்கு நல்ல கிராக்கி இருந்தது. 1977இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டதும் இறக்குமதித் துணி வந்து குவிந்தது, நாடெங்கும் தறிகள் அடங்கின. பெரியம்மாவும் கொழுந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனார். கை மட்டும் மறக்கவில்லை. இன்னொரு பாட்டியின் குடும்பம் தமிழ்நாட்டில் தறி நெய்த குடும்பம். கப்பலேறி வந்தபோது தறியை அங்கேயே விட்டுவிட்டு, தறிப் பாட்டை மட்டும் கொண்டுவந்தவர்கள்.

மிச்சம் ஒன்பது பேரில் நால்வர் இன்னும் கொழுந்து பறிக்கிறார்கள். ஐந்து பேர் இளம் பெண்கள். படிப்பு முடிந்து, கொழும்பு கார்மென்ட்சுக்குப் போவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள்.

இந்த மூன்று கூட்டத்துக்கும் நாள் ஒரே மாதிரி ஓடுவதில்லை. வயதானவர்களுக்கு முழுப் பகலும் இருக்கிறது, முழங்கால்தான் இல்லை. கொழுந்து எடுப்பவர்களுக்கு நாலரை மணிக்கு மேல் இரண்டு மணி நேரம் கிடைக்கும், அதிலும் அடுப்பு பாதியை எடுத்துக்கொள்ளும். இளம் பெண்களுக்கு நேரம் உண்டு. மாதக் கடைசியில் கையில் ஏதாவது விழாவிட்டால் பஸ் ஏறிவிடுவார்கள், அவ்வளவுதான். கட்டடத்தைப் பற்றி நாங்கள் போட்ட சண்டை பாதிக்கு மேல் கடைசியில் இந்த நேரக் கணக்கில்தான் வந்து முடிந்தது.

தறி கேட்பது என்ன?

ஒரு சட்டத்தறி சுமார் 6 அடிக்கு 5 அடி இடம் பிடிக்கும். நெய்பவர் உட்காரவும், பின்னால் போய் அறுந்த இழையைக் கட்டவும் வழி விட்டால் 8 அடிக்கு 8 அடி. பன்னிரண்டு தறியை இரண்டு வரிசையாக, நடுவில் நடைவழி விட்டுப் போட்டால் ஏறக்குறைய 50 அடி நீளம், 20 அடி அகலம். பாவு ஓட்டும் உருளைக்கும் நூல் கட்டைச் சட்டத்துக்கும் தனியாக 15 அடிக்கு 20 அடி. நூலும் துணியும் வைக்க ஈரம் ஏறாத ஓர் அறை வேண்டும், கழிப்பறை வேண்டும், தேநீர் போட ஒரு மூலை வேண்டும்.

குழித்தறி எங்களுக்குச் சரிவராது. கீழ்நாட்டுச் சமவெளியில் குழி தோண்டித் தறி போடுவதற்குக் காரணம் உண்டு: பஞ்சு நூல் கொஞ்சம் ஈரம் பட்டால் வலுக்கும், காய்ந்தால் அறும். குழியின் குளிர்ச்சி அந்த வறண்ட ஊர்களில் நூலைக் காப்பாற்றுகிறது. இங்கே ஐப்பசியில் குழி தோண்டினால் தறிக்குப் பதிலாகத் தவளைதான் குடியிருக்கும். எங்கள் கஷ்டம் நேர் மாறானது. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழையும் மூடுபனியும். கஞ்சி போட்ட பாவு காயாமல் புளிக்கும், நூல் சிட்டம் பூஞ்சணம் பிடிக்கும், மரச் சட்டம் ஊறி மிதிக்கட்டை இறுகும். இரட்டை இழை நூல் வாங்கினால் கஞ்சித் தொல்லை பெரும்பாலும் போய்விடும். தெருவெல்லாம் பாவு நீட்டிக் கஞ்சி தடவ நம்மிடம் நேர்த் தெருவும் இல்லை. ஆக, காற்றோட்டமும் காய்ந்த தரையும் முதல் தேவை.

அடுத்தது வெளிச்சம். தம்பி ஒருவன் கைபேசியில் ஒரு படம் காட்டினான்: வாள்பல் மாதிரிக் கூரை, பல்லுக்குப் பல் வடக்கே பார்த்த கண்ணாடி. நெசவாலை என்றால் இப்படித்தான் இருக்கணும் அண்ணா என்றான். அது சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்து நிற்கிற குளிர்நாட்டுக்குச் செய்த கூரை. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 7 பாகையில். ஏப்ரல் முதல் வாரம் தொடங்கி செப்டெம்பர் முதல் வாரம் வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அந்தக் கூரையைப் போட்டால் ஆனி மாதம் முழுக்க நேர் வெயில் பாவின் மேல் விழும், சாயம் வெளுக்கும். இங்கே நல்லது ஒல்லியான கட்டடம். நீளப் பக்கம் இரண்டிலும் தாழ்ந்த யன்னல், நன்றாக இறங்கிய தாழ்வாரம். 20 அடி அகலத்தைத் தாண்டினால் நடுவில் இருட்டு.

ஒல்லியாகக் கட்டச் சொல்வதற்கு மலையும் ஒரு காரணம். மூன்றடிக்கு ஓர் அடி ஏறும் சரிவில் 20 அடி அகலத் தளம் வெட்டினால் பின்னால் ஏறக்குறைய ஏழடி மண்சுவர் நிற்கும். 40 அடி அகலம் என்றால் பதின்மூன்று அடி. பாதியை வெட்டிப் பாதியை நிரப்பலாம் என்பார்கள். நிரப்பிய மண் வருடக் கணக்கில் அமரும், தறியின் ஒரு கால் தாழும், துணி திரும்பவும் கோணும். கோயில் மண்டபத்தில் பட்ட பாடு போதும்.

பழைய ஸ்டோர்

ஆண்கள் எல்லாருக்கும் பிடித்த யோசனை இதுதான். எனக்கும் முதலில் பிடித்தது, மறைக்கவில்லை. நான்கு மாடி, இரும்புத் தூண், வரிசை வரிசையாக யன்னல். மேல் மாடிகள் கொழுந்து வாட்டுவதற்காகவே கட்டியவை. நீளம், காற்று, வெளிச்சம் எல்லாம் கேட்டு வாங்கியது போல இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே சாக்குத்துணியை அடுக்கடுக்காக இழுத்துக் கட்டி அதன்மேல் கொழுந்தைப் பரப்பினார்கள். அந்த மாடியில் திரும்பவும் துணியா என்று நினைக்கவே ஆசையாக இருந்தது. முன்மாதிரியும் இருக்கிறது. கந்தப்பொலையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1990களில் விடுதியாக மாறியது. கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டிய தொழிற்சாலை இப்போது தேயிலை அருங்காட்சியகம்.

அப்புறம் படியேறிப் பார்த்தேன். பெரியம்மா கூடவே வந்தார். இரண்டாம் மாடியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "தம்பி, நான் செத்தா எறக்கிறதுக்கு நாலு பேரு வேணும்பா" என்றார். சிரித்தோம். அந்தப் படிகளைத் தினமும் ஏற வேண்டிய ஐந்து பேரின் முழங்கால் அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. சரி, கீழ்த்தளத்தை எடுத்துக்கொள்வோம் என்றால், அது உருட்டு இயந்திரங்களும் அடுப்பும் இருந்த இடம், இருட்டு. வாட்டும் மாடியின் இன்னொரு சங்கதியும் அப்போதுதான் புரிந்தது. கீழே கொழுந்து உலர்த்தும் அடுப்பின் வெப்பக் காற்றை விசிறியால் மேலே இழுத்துத்தான் அந்த மாடிகளைக் காய்ந்த இடமாக வைத்திருந்தார்கள். அடுப்பு அணைந்து பல வருடம். இப்போது பனி நேராக உள்ளே வந்து உட்காருகிறது, பலகைத் தரை மெத்தென்று அமுங்குகிறது. பரப்பிய கொழுந்தைத் தாங்கக் கட்டிய தளம் அது. பன்னிரண்டு தறி ஒன்றாக அடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல ஒரு பொறியியலாளர் வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கூரை. ஒரு பக்கத் தகரத்தை மாற்றுகிற காசில் புதிதாகவே ஒரு சின்னக் கட்டடம் எழும்பும் என்று மேசன் பாஸ் வாய்க்கணக்கில் சொன்னார். விடுதிக்குப் பின்னால் பெரிய கம்பனி இருந்தது, அருங்காட்சியகத்துக்குப் பின்னால் தேயிலைத் துறையே இருந்தது. எங்களுக்குப் பின்னால் சீட்டுப் பணம் இருக்கிறது.

காலியான லயம்

கணக்கில் இதுதான் மலிவு. புது வீட்டுத் திட்டத்தில் ஆளுக்கு 7 பேர்ச் காணியும் வீடும் கிடைத்துப் பல குடும்பங்கள் போன பிறகு, ஒரு பன்னிரண்டு காம்பரா (அறை) லயம் சும்மா நிற்கிறது. கல் சுவர், வயதுக்கு நல்ல உறுதி. மலையின் வளைவோடு நீளமாகக் கிடக்கிறது. எந்தக் கட்டடக்காரனைக் கேட்டாலும் இந்தச் சரிவுக்கு இப்படித்தான் நீளமாகப் போடச் சொல்வான். இஸ்தோப்பு, அதாவது முன் திண்ணை, முழு நீளத்துக்கும் ஓடுகிறது. மழையில் நனையாமல் பாவு நீட்ட இந்தத் தோட்டத்திலேயே வேறு இடம் இல்லை.

கஷ்டம் காம்பராவுக்குள்ளே. பத்தடிக்குப் பன்னிரண்டு அடி. ஒரு தறி போட்டால் அறை நிறைந்துவிடும், நெய்பவர் தனியாகச் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். இடைச்சுவரை இடித்து மண்டபமாக்கலாம் என்றால், கூரையின் பாரம் அந்தச் சுவர்களின் மேல்தான் நிற்கிறது. ஒன்றுவிட்டு ஒன்றை இடித்து உத்தரம் கொடுக்கலாம், செய்யக்கூடிய வேலைதான். வரைபடம்கூடப் போட்டுவிட்டேன்.

அதைக் காட்டிய அன்று அறையில் யாரும் பேசவில்லை. கடைசியில் கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவர்தான் வாய் திறந்தார். "அந்தக் காம்பராவுல என் பிள்ளைக மூணும் பொறந்துச்சு, என் மாமியா செத்துச்சு, மழைக்கு ஒழுகுற சட்டி வச்சே எனக்குப் பாதி வயசு போச்சு. இப்பத்தான் சாவியைக் குடுத்துட்டு வந்தேன். நீங்க மறுபடி உள்ள போய் ஒக்காரச் சொல்றீங்க." வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டேன். உத்தரம் கொடுத்துத் தாங்குகிற பாரமாக இல்லை அது. வேறு தோட்டத்தில் பெண்கள் சம்மதித்தால் இந்த யோசனையைத் தாராளமாக எடுங்கள். ஆனால் வரைபடத்துக்கு முன்னால் அவர்களைக் கேளுங்கள். நான் பின்னால் கேட்டேன்.

முன்னால் கேட்பது புதுப் பழக்கமும் இல்லை. நம் மலைநாட்டிலேயே, கண்டியில் பிறந்த கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா 1950களில் வட்டாபுளுவ வீடமைப்புத் திட்டத்தை வடிவமைத்தபோது குடிவரப்போகிறவர்களிடம் கேள்விக்கொத்துக் கொடுத்துத்தான் தொடங்கினார். நெசவையும் கட்டடத்துக்குள் கொண்டுவந்தவர் அவர். கண்டியில் அவர் கட்டிய கருணாரத்ன வீட்டின் கதவுகளில் தும்பறைப் பாய் பின்னலைப் பலகைக்குப் பதிலாகப் பொருத்தினார். அந்தத் தும்பறைப் பின்னலை 2021இல் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. எங்கள் கதவுகளுக்கும் அப்படி ஏதாவது செய்யலாம் என்று ஒரு ஆசை இருக்கிறது. அது பிறகு.

மைதானத்து மண்டபம்

அரசியல்வாதிகளுக்குப் பிடித்த யோசனை. மேடையோடு ஒரு சனசமூக நிலையம், அதில் நெசவும் நடக்கும், கூட்டமும் நடக்கும், முன்சுவரில் பெயர்ப் பலகை ஒன்றும் மாட்டலாம். நான் இதற்கு நேர் எதிரி. மேடையும் திறந்த தளமும் இருக்கிற எந்தக் கட்டடத்துக்கும் கல்யாணமும் சடங்கு வீடும் நிவாரணப் பொதியும் வந்துசேரும். வந்தால் தறி ஓரத்துக்குப் போகும். இந்தக் கட்டுரையின் முதல் வரி அதற்குத்தான்.

கண்டி ஏரிக்கரையில் கலைச் சங்கத்தின் கட்டடமும் மினெட் டி சில்வாவின் வேலைதான். கைவினைஞருக்கென்று எழுந்த இடம் அது. மாலையில் அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் கண்டிய நடனம் பார்க்கப் போகிறார்கள். ஆட்டம் கூட்டத்தை இழுக்கும், தறி இழுக்காது. அதனால் எங்கள் நிலையத்தில் தறிக்கூடத்தைத் தவிர வேறு கூடம் வேண்டாம் என்றே சொன்னேன். கொஞ்சம் கோபப்பட்டார்கள்.

மைதானத்துக்கு மேலே இருக்கிற சரிவும் எனக்குப் பயம். பதுளை மாவட்டம் மண்சரிவு அபாயப் பட்டியலில் இருப்பதால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை இல்லாமல் அங்கே அத்திவாரம் வெட்டக் கூடாது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தவில் லயங்களை மண் மூடியது எங்கள் தோட்டத்திலிருந்து அதிக தூரமில்லை. அந்தக் கிழமை பெட்டி படுக்கையோடு பாடசாலையில் தங்கியவர்களில் எங்கள் ஆட்களும் உண்டு. 40 அடி அகல மண்டபத்துக்குப் பதின்மூன்று அடி மலையை வெட்டலாம் என்று யாராவது சொன்னால், அவர் அந்தக் காலத்தில் இங்கே இல்லாதவர்.

டவுனும் வீடும்

டவுன் அறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. விற்பனைக்கு நல்லது, நெசவுக்கு ஆகாது. பண்டாரவளையில் அறை எடுத்தால் எல்ல என்ற சுற்றுலா ஊருக்குப் போகும் வெள்ளைக்காரர்கள் கண்ணில் படும், அது உண்மை. ஆனால் வாடகை மாதாமாதம் வரும், துணி மாதாமாதம் இறங்காது. நாலரை மணிக்குக் கூடையை இறக்கிய பெண் பஸ் பிடித்து டவுனுக்குப் போய் நெய்துவிட்டு இருட்டில் திரும்பி வருவாளா? விற்கிற இடமும் நெய்கிற இடமும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும் என்று யார் சொன்னது? பார்பரா சன்சோனி 1964இல் தொடங்கிய பெயார்ஃபூட் என்ற கைத்தறி நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். துணி கிராமங்களில் நெய்யப்படுகிறது, கடை கொழும்பு காலி வீதியில் இருக்கிறது. எங்களுக்கு டவுனில் வேண்டியது ஒரு கடைக்காரரின் அலமாரியில் இரண்டு தட்டு. அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

வீட்டுக்கொரு தறி என்பது இளம் பெண்கள் சொன்னது, நியாயமும் இருக்கிறது. அடுப்பைப் பார்த்துக்கொண்டே நெய்யலாம், கட்டடச் செலவு இல்லை, யாரும் தறியைத் தூக்கி ஓரத்தில் வைக்க முடியாது. புது வீடு 550 சதுர அடி. அதில் 64 சதுர அடியைத் தறிக்குக் கொடுத்தால் பிள்ளைகள் எங்கே படிப்பார்கள் என்று ஒரு அம்மா கேட்டார். சத்தத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இரவு எட்டு மணிக்குத் தறி அடித்தால் பக்கத்து வீடு சும்மா இருக்காது. அதோடு, பதினான்கு பேரில் பாவு ஓட்டத் தெரிந்தவர்கள் இருவர்தான். வீடு வீடாகப் பிரிந்தால் அந்த இருவரும் சாயும்போது தொழிலும் சாயும். இழை அறுந்தால் கட்டுவது எப்படி என்று பக்கத்துத் தறியை எட்டிப் பார்த்துத்தான் படிக்க முடியும். மாத்தளை அலுவிகாரையில் பத்திக் கலைஞர் ஏனா டி சில்வா தொடங்கிய பெண்களின் பட்டறைகள் ஒரு வீட்டைச் சுற்றி, ஊருக்குள்ளேயே வளர்ந்தவை. பத்திக்கும் தையலும் கூடி உட்கார்ந்து செய்த வேலை. இரண்டு பேருக்கு, நடக்கவே முடியாதவர்களுக்கு, வீட்டில் ஊடை நூலைத் தாராகச் சுற்றும் ராட்டினம் கொடுப்பது என்ற அளவில் இந்த யோசனையை வைத்துக்கொண்டோம்.

மடுவம்

கடைசியில் வந்த யோசனை, சொன்னதும் ஒரு பெண்தான். ரோட்டோரத்தில் பழைய கொழுந்து மடுவம் இருக்கிறது. இப்போது கொழுந்தை மலையிலேயே நிறுத்து லொறியில் ஏற்றிவிடுகிறார்கள், அதனால் மடுவத்தில் ஆடுகள்தான் நிற்கின்றன. 30 அடிக்கு 15 அடி சீமெந்துத் தளம், ஆறு தூண், ஒழுகுகிற தகரம். பார்வைக்கு ஒன்றுமே இல்லை. ஸ்டோரைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு ஏமாற்றமாகவே இருந்தது.

ஆனால் நின்று பார்த்தால், அது இருக்கிற இடம்தான் விஷயம். மலைக்குப் போகும் பெண் காலையிலும் மாலையிலும் அதைக் கடந்துதான் போகிறாள். பிள்ளைக் காம்பரா (குழந்தைகள் காப்பகம்) அங்கிருந்து கூப்பிடு தூரம். புது வீடுகளுக்கும் மிச்ச லயங்களுக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது. படி இல்லை. நூல் மூட்டை வருகிற ஆட்டோ வாசலில் நிற்கும். நீளத்துக்கு மலையை வெட்டவும் வேண்டாம், ரோடு போட்டவன் நூறு வருடத்துக்கு முன்பே வெட்டி அமர்த்தி வைத்திருக்கிறான். மடுவத்தை ரோட்டோடு இரண்டு பக்கமும் நீட்டினால் வேண்டிய நீளம் வரும். அகலத்தை மேட்டுப் பக்கம் 5 அடி கூட்டினால் 20 அடி. வெட்டு இரண்டடிக்குள் அடங்கும், பின்னால் ஒரு நல்ல கான் (வடிகால்) போட்டால் போதும்.

குறைகளும் உண்டு, ஒளிக்கக் கூடாது. ரோட்டுத் தூசி வெள்ளை நூலில் படியும், ஆகவே ரோட்டுப் பக்க யன்னல் கண்ணாடி, மேட்டுப் பக்க யன்னல் திறப்பு. ஆடியில் ஹப்புத்தளைக் கணவாய்க் காற்று கூரையைப் பிடித்து ஆட்டும், தகரத்துக்குக் கீழே பலகைத் தட்டும் நல்ல கட்டும் வேண்டும். தட்டு இல்லாவிட்டால் மழைச் சத்தத்தில் தறிச் சத்தம்கூடக் கேட்காது. பீலி (தண்ணீர் பிடிக்கும் இடம்) தூரம். கழிப்பறைக்குக் குழாய் இழுக்க வேண்டும்.

தண்ணீர் இல்லாததால் அங்கே சாயம் போட முடியாது. நான் அதை நல்லதென்றே எடுத்துக்கொண்டேன். போடுகிற சாயத்தில் ஒரு பங்கு எப்போதும் நூலில் ஏறாமல் கழுவுத் தண்ணீரோடு போகும், உப்பும் சேர்ந்து போகும். எங்கள் கான் தண்ணீர் கீழே இரண்டு லயத்துக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் போகிறது. சாயப் பட்டறைக்குச் சுற்றாடல் அனுமதிப்பத்திரம் வேண்டும், கழிவுத் தொட்டி வேண்டும், அதைப் பராமரிக்க ஆள் வேண்டும். முதல் இரண்டு வருடம் சாயம் ஏற்றிய நூலையே வாங்குவது என்று முடிவு. வண்ணம் நம் விருப்பப்படி கிடைக்காது என்று பெரியம்மாவுக்கு வருத்தம்தான். தேயிலைத் தூளில் பழுப்புச் சாயம் காய்ச்சிக் காட்டுகிறேன் என்கிறார். ஒரு பானையில் காய்ச்சட்டும், அதற்கு யாரும் அனுமதி கேட்க மாட்டார்கள்.

ஆக, என் பக்கம் மடுவம். பன்னிரண்டு தறிக்கு ஒரே நாளில் கட்டவும் வேண்டாம் என்கிறேன். இருக்கிற தளத்தில் முதலில் மூன்று தறியும் பாவு உருளையும். அவை ஒரு மழைக்காலத்தைத் தாண்டட்டும். எந்தச் சுவரில் ஈரம் ஏறுகிறது, எந்தப் பக்கம் வெளிச்சம் குறைகிறது என்று அப்போது தெரியும். பிறகு கிழக்கே நீட்டலாம், அடுத்து மேற்கே. பதினான்கு பேரில் பதினொருவர் சரி என்றார்கள். இரண்டு பேர் இன்னும் வீட்டுத் தறி என்கிறார்கள். ஒருவருக்கு ஸ்டோரின் மேல் இருக்கும் ஆசை போகவில்லை. அவர் வேறு யாருமில்லை, முழங்கால் வலிக்கிற பெரியம்மாதான். அந்த யன்னல்கள் அப்படி.

காணி விவகாரம் தனிக் கதை. நிலச் சீர்திருத்தத்தில் 1970களில் தோட்டங்கள் அரசிடம் போயின. 1992 முதல் நிர்வாகம் கம்பனிகளிடம் வந்தது, நிலம் அரசிடமே இருக்கிறது. ஆகவே மடுவத்தைச் சுற்றி 12 பேர்ச் கேட்டு இரண்டு பக்கத்துக்கும் கடிதம் எழுத வேண்டியிருந்தது. காணி விடுவிப்பு எழுத்தில் கையில் வராமல் ஒரு கல்லும் வைக்காதீர்கள், வாய்ச்சொல் அடுத்த துரை (தோட்ட நிர்வாகி) வரும்வரைக்கும்தான். கானுக்கும் கழிப்பறைக்கும் பிரதேச சபையைக் கேட்டிருக்கிறோம். தோட்டத்துக்குள் செலவழிக்கச் சட்டம் இடம் தராது என்று முன்பெல்லாம் திருப்பி அனுப்புவார்கள். 2018இல் அந்தச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள், இப்போது அந்தச் சாட்டு இல்லை.

போன ஞாயிறு கயிறும் முளையும் கொண்டுபோய் மடுவத்தில் தறிகளின் இடத்தைக் குறித்தோம். பெரியம்மா ஒரு கொழுந்துப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, தறியில் உட்காருவது போல உட்கார்ந்தார். நான் யன்னல் கீழ்விளிம்புக்கு மூன்றடி என்று செங்கலை அடுக்கிக்கொண்டு போனேன். "போதும், இறக்கு" என்றார். இரண்டடி ஒன்பது அங்குலத்தில் நிறுத்தினேன். அதையும் இறக்கச் சொன்னார். இரண்டரையில் தலையை ஆட்டினார். "நாப்பது வருசம் அந்த மலைய குனிஞ்சே பாத்தேன். இனி ஒக்காந்து பாக்குறேன்."

கடிதங்களுக்கு இன்னும் பதில் வரவில்லை. கிழக்கு மூலையில் ஒழுகிய இரண்டு தகரத்தை மட்டும் மாற்றிவிட்டு வந்தோம்.